கரையில் எத்தனை பேர் இருப்பார்கள், சிஸ்டர்?

சென்னை காசிமேட்டுப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன கிளினிக்கில் செவிலியராக இருக்கும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

அவர் பிறந்து வளர்ந்ததும் அதே பகுதிதான். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர், அண்ணன் இன்னும் போகிறார். கிளினிக்கில் பிபி மாத்திரை வாங்கும் ஆண்களில் பலர் படகுத் தொழிலாளர்கள். கடலுக்குப் போனால் கரை திரும்பப் பல நாள் ஆகிறது. மாத்திரை வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. போன வருடம் தெரு ஆள் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்று நினைக்கிறார். திட்டம் இது: 400 மீனவர்கள், ஆறு மாதம், ஒவ்வொருவருக்கும் மூன்று முறை பிபி பார்ப்பது. பாதிப் பேருக்குத் தண்ணீர் புகாத மாத்திரை டப்பாவும், தினமும் செல்போனில் நினைவூட்டும் குரல் செய்தியும். மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது ஆரம்பித்தால் எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. கிளினிக் ரெஜிஸ்டரில் பிபி நோயாளிகளாக 620 ஆண்கள் இருக்கிறார்களாம். முதலில் முன்னோட்டமாக 30 பேரைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

அறக்கட்டளைச் செயலாளர் "உடனே ஆரம்பி" என்கிறார். கிளினிக் டாக்டர் "இதெல்லாம் நடக்காதும்மா" என்று முடித்துவிட்டார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் ஐந்து பிபி மெஷின் இலவசமாகத் தருகிறேன், நோயாளிகளின் செல் நம்பர்களை மட்டும் கொடுங்கள் என்கிறார். "ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, எத்திக்ஸ் கமிட்டி தேவையில்லைதானே? இந்த ஆய்வு நடக்குமா, நடக்காதா? டாக்டர் சொல்வது சரியா, செயலாளர் சொல்வது சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சிஸ்டர்,

நீங்கள் எழுதியிருக்கும் வடிவத்தில் இது நடக்காது. ஆனால் நீங்கள் பிடித்திருக்கும் கேள்வி அருமையான கேள்வி. அதற்குள்ளேயே உங்கள் கைக்கு அடங்கும் ஆய்வு ஒன்று இருக்கிறது. டாக்டரும் செயலாளரும் எண்ணிப் பார்க்காமல் பேசியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஓர் ஆய்வு நடக்குமா என்பதில் முக்கால்வாசி கூட்டல் கழித்தலிலேயே தெரிந்துவிடும். ஆர்வமும் அனுபவமும் அதற்கு அப்புறம்தான்.

620 பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

ரெஜிஸ்டரை எடுத்துத் தொழில் என்ற கட்டத்தைப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் 'கூலி' என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். படகில் போகிறவரும் கூலி, ஐஸ் உடைப்பவரும் கூலி, ஹார்பரில் லோடு ஏற்றுபவரும் கூலி. அடுத்து பெயரைப் பாருங்கள். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்தோடும், இன்னொரு பக்கத்தில் அது இல்லாமலும் இருப்பார். ஒரு தடவை மனைவியின் நம்பர், ஒரு தடவை மகனின் நம்பர். அப்புறம் பிபி கட்டம். மாதா மாதம் 130/80, 130/80 என்று வரிசையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எலக்ட்ரானிக் மெஷின் 127 காட்டும், 134 காட்டும். எல்லாம் பூஜ்யத்தில் முடிந்தால் அது எழுதுகிற கையின் வேலை. பல சமயம் அந்த ஆள் கிளினிக்குக்கு வந்தே இருக்க மாட்டார். மனைவி வந்து மாத்திரையை வாங்கிப் போயிருப்பார், போன மாத எண்ணே மறுபடி ஏறியிருக்கும்.

அதனால் முதல் வேலையாக, 620 பெயர்களில் குலுக்கல் முறையில் 50 பெயர்களை எடுங்கள். தெரிந்தவர்களாகப் பார்த்து எடுக்கக் கூடாது. அந்த 50 பேரில் எத்தனை பேர் உண்மையில் விசைப்படகில் போகிறார்கள் என்று கிளினிக்கின் மற்றப் பணியாளர்களையும் கேட்டு எண்ணுங்கள். ஒரு பேச்சுக்கு 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். அது 30 சதவீதம். 50 பேரை மட்டும் பார்த்த கணக்கு என்பதால் உண்மை அளவு 19-லிருந்து 44 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நடுவில் உள்ளதையே எடுத்தால் 620-ல் 186 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கரையில் பிடிக்க முடியும் என்றால் 124. ஐந்தில் நான்கு பேர் சம்மதித்தால் சுமார் 100. ஆறு மாதம் கடைசி வரை நிற்பவர்கள் நான்கில் மூன்று பேர் என்றால் 75. உங்கள் திட்டத்தில் எழுதியிருப்பது 400.

இந்தப் பங்குகள் எல்லாம் நான் சும்மா வைத்தவை. உங்கள் தெருவின் உண்மை எண்களை நீங்கள்தான் போட வேண்டும். ஆனால் எதைப் போட்டாலும் படிக்குப் படி குறையுமே தவிர ஏறாது. லூயி லசானியா என்ற அமெரிக்க மருந்தியல் அறிஞரின் பெயரால் ஒரு கிண்டலான விதியே உண்டு: ஆய்வு தொடங்கிய அன்று நோயாளிகள் காணாமல் போவார்கள், ஆய்வு முடிந்த மறுநாள் திரும்பி வருவார்கள். ஆய்வு செய்தவர்கள் யாரும் இதைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தெருவில் எல்லாரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பலம்தான், ஆட்களைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் தெரிந்த சிஸ்டர் கேட்கிறாரே என்று 'மாத்திரை தவறாம போடுறேன்' என்று சொல்லும் ஆட்களும் கூடுவார்கள்.

தடைக்காலக் கணக்கு

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. முன்பு இது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் ஆட்கள் கரையில் இருப்பார்கள் என்பது ஓரளவு உண்மை. படகு பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை சரி செய்வார்கள். சிலர் வேறு வேலை தேடி வெளியே போய்விடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், நீங்கள் அறிய விரும்புவது கடலில் இருக்கும்போது மாத்திரை என்ன ஆகிறது என்பதை. தடைக்காலத்தில் கடலே கிடையாது. மனிதர் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடுகிறார், மனைவி மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறார். இன்னொரு பக்கம் வருமானம் நின்று கடன் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, சிலருக்குக் குடி கூடுகிறது. அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் அளக்கும் பிபி மற்றப் பத்து மாதத்துக்குச் சாட்சி சொல்லாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். தடை முடிந்ததும் ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, அத்தனை படகும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கிளம்பும். முதல் சந்திப்பை ஏப்ரலில் வைத்து, இரண்டாவதை ஜூன் கடைசியில் வைத்தால் கரையில் நீங்களும் உங்கள் மெஷினும்தான் இருப்பீர்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையில் நிற்கும், ஆனால் எந்த வாரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இவர்களுக்கு '30-வது நாள், 90-வது நாள்' என்று தேதி குறித்து எந்தச் சந்திப்பும் நடக்காது. படகு கரைக்கு வந்த மூன்று நாளுக்குள் என்று வைப்பதுதான் வழி.

சிக்னல் இல்லாத இடத்துக்குக் குரல் செய்தி

இதை உங்களிடம் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் உங்கள் அண்ணனைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் சிக்னல் போய்விடும். எந்த நாட்களில் நினைவூட்டல் தேவையோ, சரியாக அந்த நாட்களில் அது போய்ச் சேராது. போனில் அலாரம் வைக்கலாம், அதற்கு சிக்னல் தேவையில்லை. ஆனால் கடலில் போனை எங்கே வைக்கிறார்கள், சார்ஜ் இருக்கிறதா, ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டுக் காலையில் தூங்குகிறவருக்கு எட்டு மணி அலாரம் எதற்கு? இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்த உதவியையும் வடிவமைக்க முடியாது.

ஒரே படகில் போகும் இருவரில் ஒருவருக்கு டப்பா, மற்றவருக்கு இல்லை என்பதும் நிற்காது. பார்த்தவர் நானும் ஒரு டப்பா வாங்கிக்கொள்கிறேன் என்பார். அதைத் தப்பு என்று சொல்லவும் முடியாது. இதைத் தவிர்க்கப் படகு படகாகப் பிரித்தால், ஒரே படகு ஆட்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதால் இன்னும் அதிகம் பேர் தேவைப்படுவார்கள். அதோடு ஆட்கள் படகு மாறிக்கொண்டே இருப்பார்கள்.

உங்கள் கால நேரத்தையும் எண்ணுங்கள். ஒருவரைத் தேடிப் பிடித்து, விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, டீயோ பீடியோ குடித்திருந்தால் அரை மணி காத்திருந்து, இரண்டு மூன்று தடவை பிபி பார்த்து எழுதி முடிக்கக் குறைந்தது 40 நிமிடம். 400 பேர், மூன்று முறை என்றால் 1,200 சந்திப்புகள், அதாவது 800 மணி நேரம். டியூட்டி போக வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினாலும் 80 வாரம். உங்கள் திட்டத்தில் இருப்பது 26 வாரம்.

எத்திக்ஸ் கமிட்டி ஏன் தேவை?

ஊசி இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று நினைக்கிறீர்கள். இந்த ஆய்வின் ஆபத்து உடம்பில் இல்லை, பிழைப்பில் இருக்கிறது. பங்குக்குத் தொழில் செய்கிற ஆளுக்கு பிபி 180 என்று படகு ஓனர் காதில் விழுந்தால், நடுக்கடலில் ஏதாவது ஆகிவிடுமோ என்று அடுத்த தடவை அவரை விட்டுவிட்டுப் போகலாம். ஹார்பரில் நான்கு பேர் பார்க்க மேசை போட்டு பிபி பார்ப்பது வசதிதான், அதையும் செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் எண்ணைச் சத்தமாகப் படித்துவிடுவார்.

இரண்டாவது, மாத்திரை கொடுக்கும் அதே சிஸ்டர் ஆய்வுக்கும் கேட்டால், மறுத்தால் மாத்திரை நின்றுவிடுமோ என்று பயந்து தலையாட்டுவார்கள். அது சம்மதம் ஆகாது. சம்மதம் கேட்கிற வேலையை கிளினிக்கில் வேலை செய்யாத ஒருவரிடம் விடுங்கள். "வேண்டாம் என்றாலும் மாத்திரை எப்போதும்போல் கிடைக்கும்" என்ற வரி சம்மதப் படிவத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த மருத்துவ, சுகாதார ஆய்வும் தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின், அதாவது எத்திக்ஸ் கமிட்டியின் முன் போக வேண்டும் என்கின்றன ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள். விலக்கு உண்டா இல்லையா என்பதையும் குழுதான் சொல்லும், நாமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். தலைவர் வெளி நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருப்பார், சட்டம் தெரிந்த ஒருவரும் சாதாரணப் பொதுஜனம் ஒருவரும் இருப்பார்கள். 2019 விதிகளின்படி அந்தக் குழு மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் அறக்கட்டளைக்கு அப்படிக் குழு இருக்காது. வேறு நிறுவனத்தின் குழுவை ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்த வழி உண்டு. அதைவிட எளிது, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் ஒரு பேராசிரியரைக் கூட்டாளியாகச் சேர்ப்பது. பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கத்தில்தானே. புள்ளியியல் உதவியும் சேர்ந்து கிடைக்கும். அனுமதிக்கு முன்பு திரட்டிய தகவலுக்குப் பின்தேதியிட்டு யாரும் அனுமதி தர மாட்டார்கள். பெரும்பாலான மருத்துவ இதழ்களும் அதைத் தொடாது.

மாத்திரை டப்பா கொடுத்துப் பலனை ஒப்பிடுகிற ஆய்வு என்றால் அது 'வெறும் சர்வே' இல்லை, ஒரு சோதனை ஆய்வு. சிடிஆர்ஐ எனப்படும், மருத்துவச் சோதனை ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் படிவம் பொறுமையைச் சோதிக்கும்.

கம்பெனிப் பிரதிநிதிக்கு ஒரே பதில்தான்: முடியாது. சிகிச்சைக்காக நோயாளி உங்களிடம் தந்த எண் அது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் இது நம்பிக்கை மோசடிதான். கைக்கு மேல் பகுதியில் கட்டும், சோதித்துத் தேறிய மெஷின் இரண்டு இருந்தால் உங்களுக்குப் போதும். செயலாளரிடம் கேட்டு வாங்குங்கள். இவ்வளவு உற்சாகப்படுகிறவர் இதையாவது வாங்கித் தரட்டும்.

அப்படியானால் எதைச் செய்யலாம்?

டப்பாவையும் குரல் செய்தியையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் கிளினிக்கில் பதிவு செய்த விசைப்படகுத் தொழிலாளர்களை மட்டும் எடுங்கள். படகு கரை வந்த மூன்று நாளுக்குள் ஒரே ஒரு சந்திப்பு. பிபி பாருங்கள், கையிலிருக்கும் மாத்திரையை எண்ணுங்கள், போன தடவை கடலில் என்ன செய்தார் என்று கேளுங்கள். 100 பேர் கிடைத்தால் சுமார் 67 மணி நேரம், ஏழு வாரம். ஜூலை நடுவில் தொடங்கினால் மழைக்கு முன் முடியும். பத்துப் பன்னிரண்டு பேரிடம் நிதானமாக உட்கார்ந்து பேசுங்கள். மாத்திரை ஈரமாகிறதா, பையில் மறந்து போகிறதா, குடிக்கும் நாளில் மாத்திரை கூடாது என்று நினைக்கிறாரா, அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று தவிர்க்கிறாரா? டப்பா வேண்டுமா வேறு ஏதாவது வேண்டுமா என்பது அதிலிருந்துதான் தெரியும்.

100 பேரில் 40 பேருக்கு பிபி கட்டுக்குள் இல்லை என்று வந்தால், உண்மை அளவு ஏறக்குறைய பத்துப் புள்ளி முன்பின் இருக்கலாம். ஒரு கிளினிக்குக்கு அது போதும். ஆனால் "காசிமேட்டு மீனவர்களில் 40 சதவீதம்" என்று எழுதாதீர்கள். உங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறீர்கள், வராதவர் கதை வேறு. முன்னோட்டமாக 30 பேரைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம் என்று எழுதியதையும் விட்டுவிடுங்கள். 30-ல் 12 பேர் என்றால் உண்மை 25-லிருந்து 58 சதவீதம் வரை ஓடும். முன்னோட்டம் வேறு வேலைக்கு: ஆள் கிடைக்கிறாரா, கேள்வி புரிகிறதா, 40 நிமிடம் போதுமா என்று பார்க்க. முதல் 20 பெயர்களைத் தேடிப் பாருங்கள். 12 பேருக்கு மேல் கிடைத்தால் தொடரலாம், எட்டுக்குக் கீழ் என்றால் நிறுத்திவிடலாம், நடுவில் என்றால் தேடும் முறையை மாற்றலாம் என்று முன்கூட்டியே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தேடி முடித்த பிறகு எழுதினால் மனசு ஆசைப்பட்ட பக்கம் எண் சாய்ந்துவிடும்.

மாத்திரையை எண்ணச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1956-ல் இதே சென்னையில் காசநோய்க்கு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து, மற்றவர்களுக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்க வைத்துச் சிகிச்சை. வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே பலன் தந்தது என்று 1959-ல் முடிவு வெளியாகி, காசநோய்ச் சிகிச்சை முறையே உலகெங்கும் மாறியது. நோயாளி 'சாப்பிட்டேன்' என்று சொன்னதை மட்டும் அவர்கள் நம்பவில்லை. வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதற்கு ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு என்று நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். உங்களிடம் அந்தப் பட்டாளம் இல்லை. ஆனால் எண்ணுவதற்குப் பட்டாளம் தேவையில்லை, அட்டையில் மிச்சமிருப்பதைப் பார்த்தால் போதும்.

கடைசியாக உங்கள் டாக்டர். அவரோடு சண்டை வேண்டாம். அவர் இல்லாமல் இந்தச் சின்ன ஆய்வும் நடக்காது. பிபி 180/110-ஐத் தொட்ட ஆளைக் குறிப்பில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட உங்களுக்கு உரிமையில்லை. அன்றைக்கே அவரை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோ, மூச்சுத் திணறலோ, வாய் கோணலோ, கை கால் பலவீனமோ இருந்தால் நேரே ஸ்டான்லி அவசரப் பிரிவு, 108. இந்த ஏற்பாடு எழுத்தில் இருக்கிறதா என்று நெறிமுறைக் குழு கட்டாயம் கேட்கும். அதனால் 620 பேர் ரெஜிஸ்டரையும், குலுக்கலில் எடுத்த 50 பெயர்களின் கணக்கையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போங்கள். "நடக்காதும்மா" என்றவரிடம், எந்த அளவில் நடக்கும் சார் என்று கேளுங்கள். 180/110 வரும் ஆட்களை அன்றைக்கே பார்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டால், அதைத் திட்டத்தில் அவர் கையெழுத்தோடு சேர்த்துவிட்டு, அப்புறம் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள்.